ஊசியும் உயிரணுவும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இம்மேடையில் எனக்கு முன் பேசிய அன்பர்கள் சிலம்பைப் பற்றியும் குறளைப் பற்றியும் அழகுறப் பேசியிருக்கின்றனர். நான் இலக்கியம் கற்றவன் அல்லேன். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, பிறர் ஏற்றி அனுப்பும் சரக்குக்குக் கணக்கெழுதியே இருபத்திரண்டு ஆண்டுகளைக் கழித்தவன். "நீரிழிவைப் பற்றி நீர்தான் பேசவேண்டும்" என்று செயலாளர் வற்புறுத்தியதற்குக் காரணம் என் புலமையன்று, என் வீட்டு நிலையே என்பதைப் பொம்மனஹள்ளியில் நம் குடியிருப்பினர் பெரும்பாலோர் அறிவர். என் இளைய மகளுக்கு ஒன்பதாம் வயதில் நீரிழிவு கண்டது. இப்போது வயது பதினைந்து. ஆறு ஆண்டுகளாக நாள்தோறும் நான்கு ஊசி. கூட்டிப் பார்த்தால் எண்ணாயிரத்து எழுநூறுக்கு மேல் வருகிறது. கணக்கெழுதுபவன் ஆதலால் அந்த எண் என் மனத்தை விட்டு நீங்குவதில்லை.

அண்மைக் காலமாக என்னைத் தெருவில் காண்போர் ஒரே வினாவைக் கேட்கின்றனர். "இனி ஊசியே வேண்டாமாமே! ஏதோ அணுவை வளர்த்து உடம்பில் வைத்துவிடுகிறார்களாமே! உங்கள் பெண்ணுக்குப் பார்க்கலாகாதா?" என்கின்றனர். அன்பினால் கேட்கின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடையிறுக்க என்னால் இயலவில்லை. இன்று எல்லோருக்கும் சேர்த்து ஒரே விடையாகக் கூறிவிடுகிறேன்.

நம் வயிற்றின் பின்புறம் கணையம் என்றோர் உறுப்பு உண்டு. அதன் பெரும்பகுதி உணவைச் செரிக்கும் நீரைச் சுரக்கிறது. 1869-இல் பெர்லின் நகரில் மருத்துவம் பயின்ற பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் இளைஞர், அதனை நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்கையில், கடலிடையே தீவுகள் போலச் சிறுசிறு திட்டுகள் சிதறிக் கிடப்பதைக் கண்டார். அவை எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. கணையத்தை அகற்றினால் நாய்க்கு நீரிழிவு வருகிறது என்பதே இருபது ஆண்டு கழித்துத்தான் தெரிந்தது. அத்திட்டுகள் ஒரு மனிதரிடம் ஏறத்தாழப் பத்து இலட்சம் உண்டு. அத்தனையும் சேர்ந்தும் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கே ஆகும். அவற்றிலுள்ள பீட்டா உயிரணுக்கள்தாம் இன்சுலினைச் சுரப்பவை.

நம் தெருவில் பெரும்பாலோருக்கு உள்ள நீரிழிவு வேறு, என் மகளுக்கு உள்ளது வேறு. பெரியவர்களுக்கு வருவதில் இன்சுலின் சுரக்கும், ஆனால் உடல் அதற்குச் சரிவரச் செவிசாய்ப்பதில்லை. நாளடைவில் சுரப்பதும் குறையும். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தாரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தாரும் நாடெங்கும் எடுத்து 2023-இல் வெளியிட்ட கணக்கின்படி இந்தியாவில் நீரிழிவுடையோர் பத்துக் கோடிக்கு மேல். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினர். குழந்தைகளுக்கு வருவது முதல் வகை. உடலைக் காக்கவேண்டிய காவற்படையே தன் பீட்டா உயிரணுக்களைப் பகையென்று எண்ணி அழித்துவிடுகிறது. அவர்களுக்கு இன்சுலினை வெளியிலிருந்து கொடுத்தே ஆகவேண்டும்.

1922-க்கு முன் அப்படிக் கொடுப்பதற்கு ஒன்றுமில்லை. நோய் கண்ட பிள்ளைகள் மெலிந்து மெலிந்து மாண்டனர். அவ்வாண்டு சனவரியில் கனடா நாட்டு டொராண்டோ நகரில் லியனார்டு தாம்சன் என்னும் சிறுவனுக்கு, பேண்டிங், பெஸ்ட், மக்லியாடு, காலிப் ஆகியோர் மாட்டின் கணையத்திலிருந்து பிரித்த சாற்றை ஊசி மூலம் செலுத்தினர். முதல் ஊசி போதிய பயன் தரவில்லை. பன்னிரண்டு நாள் கழித்துத் தூய்மை செய்த மருந்து கொடுக்க, சர்க்கரை இறங்கியது. அச்சிறுவன் மேலும் பதின்மூன்று ஆண்டு வாழ்ந்தான்.

அன்று மாட்டிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் எடுத்ததை இன்று நுண்ணுயிர்களே ஆக்கித் தருகின்றன. இதைக் காணத் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. 2025 ஆகஸ்டில் தொடங்கிய மஞ்சள் தட மெட்ரோவில் நம் நிலையத்தில் ஏறித் தெற்கே சென்றால் பயோகான் ஹெப்பகோடி என்றொரு நிலையம் வரும். பலர் அதை வெறும் விளம்பரப் பெயராகக் கடந்து செல்கின்றனர். ஒருவகை ஈஸ்டில் மனித இன்சுலினை ஆக்கி 2004-இல் 'இன்சுஜென்' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்த நிறுவனத்தின் பெயர் அது. ஓசூர்ச் சாலை என்றால் நெரிசலும் புகையும்தான் நமக்கு நினைவு வரும். அச்சாலையில் இப்படியும் ஒரு பெருமை உண்டு.

அப்படியானால் ஊசியே போதாதா என்று கேட்கலாம். போதாது. ஏன் என்பதைத்தான் இன்று முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன்.

பீட்டா உயிரணு இன்சுலின் சுரக்கும் பை மட்டுமன்று. சர்க்கரையை அளக்கும் கருவியும் அதுவே. இரத்தத்திலுள்ள சர்க்கரை அவ்வணுவுக்குள் நுழைந்து எரிகிறது. எரிந்து பிறந்த ஆற்றல், அணுவின் சுவரிலுள்ள ஒரு வாயிலை அடைக்கிறது. அதனால் வேறொரு வாயில் திறந்து சுண்ணச்சத்து உட்புகுகிறது. உடனே உள்ளே சேமித்து வைத்த இன்சுலின் வெளிப்படுகிறது. சர்க்கரை குறைந்தால் இவையெல்லாம் தாமே நின்றுவிடும். வெளிப்பட்ட இன்சுலினும் சில நிமிடங்களில் தேய்ந்துவிடும். இட்லி இரண்டா மூன்றா என்பதையும், பிள்ளை ஓடினாளா உட்கார்ந்திருந்தாளா என்பதையும் யாரும் சொல்லாமலே அது அறியும்.

ஊசிக்கு இந்த அறிவு இல்லை. போட்டபின் திரும்ப எடுக்க முடியாது. என் மகள் பள்ளி விளையாட்டு விழாவில் ஓடிவிட்டு வந்து, இரவு சரியாக உண்ணாமல் படுத்துவிட்டாள். பின்னிரவு மூன்று மணிக்கு என் மனைவி தற்செயலாக அவள் நெற்றியைத் தொட்டபோது உடலெல்லாம் வியர்வை. அழைத்தால் பேச்சுக் குழறுகிறது. இரத்தத்தில் சர்க்கரை நாற்பதுக்கும் கீழ். தேனைக் கொடுத்துச் சர்க்கரைக் கரைசலைக் கொடுத்து மீட்டோம். அன்றுமுதல் எங்கள் வீட்டில் மூன்று மணிக்கு ஒருவர் விழித்திருப்பது வழக்கமாயிற்று. நிலைய அதிபரின் பதிவேடுபோல் ஒரு பேரேட்டில் நாளும் நேரமும் அளவும் எழுதி வருகிறேன். அது இப்போது பதினோராவது பேரேடு.

ஆகவே அறிஞர்கள் எண்ணினர்: மருந்தைக் கொடுப்பதற்குப் பதில் அணுவையே கொடுத்தால் என்ன? இறந்தோரின் கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்து நோயாளியின் கல்லீரலுக்குள் செலுத்தும் முறையைக் கனடாவில் எட்மண்டன் நகரத்தார் செம்மைப்படுத்தினர். ஏழு பேருக்குச் செய்து, எழுவரும் ஊசியை விட்டனர் என்று 2000-இல் அறிவித்தனர். ஆனால் ஒருவருக்கு இரண்டு மூன்று பேரின் கணையம் வேண்டும். இத்தனை கோடி நோயாளிகளுக்கு எங்கே போவது? எடுத்து வைப்பது போதாது, வளர்த்தாக வேண்டும் என்ற நிலை வந்தது.

இங்குதான் 'ஸ்டெம் செல்' வருகிறது. தமிழில் குருத்தணு என்பர். பொருத்தமான பெயர். வாழையின் அடியிலுள்ள ஒரே குருத்து முதலில் இலையிலையாக விடுகிறது, பிறகு பூவும் குலையுமாகத் தள்ளுகிறது. அதுபோல் இன்னதாவது என்று முடிவாகாமல், எதுவாகவும் ஆகவல்ல அணு குருத்தணு. மனிதக் கருவின் தொடக்க நிலையிலிருந்து அதனைப் பிரித்துக் கண்ணாடிக் கலத்தில் வளர்க்க 1998-இல் அமெரிக்க அறிஞர் ஜேம்ஸ் தாம்சன் வழிகண்டார். வளர்ந்தவரின் தோலணுவையே பின்னோக்கித் திருப்பிக் குருத்தணுவாக்கலாம் என்று ஜப்பானியர் சின்யா யமனாக்கா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் காட்டினார். அதற்காக 2012-இல் நோபெல் பரிசு பெற்றார்.

குருத்தணு கிடைத்துவிட்டது. அதைப் பீட்டா உயிரணுவாக்குவது எப்படி? என் தொழிலை வைத்தே சொல்கிறேன். ஒரு சரக்கு வண்டி ஐந்தாறு சந்திப்புகளைக் கடந்து ஊர் சேரவேண்டும். ஒவ்வொரு சந்திப்பிலும் தண்டவாளத்தைச் சரியான பக்கம் திருப்பவேண்டும். கருவில் கணையம் உருவாகும்போது இயற்கை எந்த இரசாயனக் குறிப்புகளை எந்த வரிசையில் தருகிறதோ, அதே வரிசையில் கலத்திலும் தரவேண்டும். முதலில் குடலாகப்போகும் படலம், பிறகு கணையத்தின் குருத்து, பிறகு சுரப்பணுவின் முன்நிலை, கடைசியில் பீட்டா உயிரணு. ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும். ஒரு சந்திப்பில் தவறினால் கணையத்துக்குப் போகவேண்டியது கல்லீரலுக்குப் போய்ச் சேரும். வழியிலேயே நின்றுவிட்ட அணு உடலுக்குள் போனாலோ, கட்டியாக வளரவும் கூடும்.

2006-இல் அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் ஒரு குழுவினர் இவ்வழியே சென்று, இன்சுலின் உடைய அணுக்களை ஆக்கிவிட்டனர். செய்தித்தாள்கள் கொண்டாடின. ஆயின் அவ்வணுக்கள் சர்க்கரை மிகுந்தாலும் குறைந்தாலும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றற்கொன்று மாறான ஓர்மோன்களை ஒரே அணு சுரந்தது. இன்சுலின் இருந்தது, அளக்கும் அறிவு இல்லை. சிக்னலைப் பாராமல் ஓடும் வண்டி அது. ஊசியைப் போன்றதே அதுவும். அந்த அறிவை வரவழைக்கவே இன்னும் எட்டாண்டு தேவைப்பட்டது.

அதைச் சாதித்தவருள் முதன்மையானவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் டக்ளஸ் மெல்டன். அவர் தவளையின் கரு வளர்ச்சியை ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1991-இல் ஆறு மாதக் கைக்குழந்தையாயிருந்த மகன் சாமுக்கு முதல் வகை நீரிழிவு கண்டது. தந்தை தவளையை விட்டுக் கணையத்தைப் பற்றினார். பின்னர் மகள் எம்மாவுக்கும் அதே நோய் வந்தது. 2014-இல் அவருடைய குழுவினர், சர்க்கரைக்கு ஏற்பச் சுரக்கும் மனிதப் பீட்டா உயிரணுக்களைக் கோடிக்கணக்கில் வளர்க்கும் முறையை வெளியிட்டனர். அதை நோயாளிக்குக் கொண்டு சேர்க்கத் தொடங்கிய நிறுவனத்துக்குச் சாம், எம்மா என்னும் இருவர் பெயரையும் கோத்து 'செம்மா' என்று பெயரிட்டார். நம் இளைஞர்கள் எதற்கெடுத்தாலும் சொல்லும் சொல்லாக அது அமைந்துவிட்டது வேடிக்கையே! நான் பேரேடு எழுதுகிறேன், அவர் ஆய்வுக்கூடம் அமைத்தார். எங்கள் இருவருக்கும் வேற்றுமை அவ்வளவுதான் என்று சில இரவுகளில் எண்ணிக்கொள்வேன்.

அந்நிறுவனத்தை 2019-இல் வெர்டெக்ஸ் என்னும் பெரிய மருந்து நிறுவனம் வாங்கியது. 2021-இல் அமெரிக்காவில் தபால் பட்டுவாடா செய்து ஓய்வு பெற்ற ஒருவருக்கு முதன்முதலாக இவ்வணுக்களைக் கல்லீரல் இரத்தக் குழாய் வழியே செலுத்தினர். திடீர் திடீரெனச் சர்க்கரை இறங்கி மயங்கி விழுந்துகொண்டிருந்தவர் அவர். பாதியளவே கொடுத்தும், ஒன்பது மாதத்தில் ஊசியை விட்டார். 2025 சூனில் பதினான்கு பேரைப் பற்றிய முடிவு வெளிவந்தது. அவர்களுள் முழு அளவு, அதாவது எண்பது கோடி அணுக்கள், பெற்றவர் பன்னிருவர். ஓராண்டு கழிந்தபோது பதின்மர்க்கு இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை. பன்னிருவரில் ஒருவர்க்கும் கொடிய தாழ்சர்க்கரை வரவில்லை. எனக்கு இந்த இரண்டாவது செய்தியே பெரிதாகத் தோன்றியது. பின்னிரவு மூன்று மணிக்கு விழித்தவர்க்கு இதன் அருமை தெரியும்.

சீனத்திலும் இதுபோல் நடந்தது. தியான்ஜின் நகரில் இருபத்தைந்து வயதுப் பெண் ஒருவருக்கு, அவர் உடலணுக்களையே குருத்தணுவாக்கி வளர்த்த திட்டுகளை 2023-இல் வயிற்றுத் தசையின் உறைக்குள் வைத்தனர். எழுபத்தைந்து நாளில் ஊசி நின்றது. சாங்காயில் இரண்டாம் வகை நீரிழிவுடைய ஐம்பத்தொன்பது வயதினர் ஒருவரும் 2021-இல் பெற்ற அணுக்களால் பதினொரு வாரத்தில் ஊசியை விட்டார்.

இனி மறுபக்கம். இதைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களை ஏமாற்றியவன் ஆவேன்.

பிறர் அணுவை உடல் ஏற்காது. போதாக்குறைக்கு, முதல் வகை நோயாளியின் காவற்படை பீட்டா உயிரணுக்களை ஏற்கெனவே பகைத்திருக்கிறது. ஆகவே, அதனை அடக்கும் மருந்தை நாள்தோறும் உண்டுகொண்டே இருக்கவேண்டும். அடக்கினால் பிற கிருமிகள் நுழையும். அந்தப் பதினால்வரில் இருவர் மாண்டனர். ஒருவர் முன்னரே இருந்த மூளை நலிவு முற்றி இறந்தார். மற்றொருவரைப் பூஞ்சையால் வந்த மூளையுறை அழற்சி கொண்டு சென்றது. சீனத்தார் இருவரும் முன்பே ஈரலோ சிறுநீரகமோ மாற்றிக்கொண்டு அம்மருந்தை உண்டு வந்தவர்களாதலால் புதிதாக இழக்க அவர்களுக்கு ஒன்றுமில்லை. ஊசியை விட்டு இம்மருந்தைப் பிடிப்பது, ஓடியாடித் திரியும் பதினைந்து வயதுப் பெண்ணுக்கு இலாபமா நட்டமா? என் கணக்கில் இன்று நட்டமே.

இதற்கும் வழி தேடுகின்றனர். அணுக்களை உறைக்குள் வைத்துக் காக்கும் ஒரு முயற்சி போதிய பயன் தரவில்லையென்று 2025 மார்ச்சில் கைவிடப்பட்டது. சுவீடன் நாட்டு உப்சாலாவில், ஒருவர் தானம் செய்த கணையத்தின் அணுக்களில் மரபுக்கூற்றைத் திருத்தி, காவற்படையின் கண்ணில் படாதவாறு ஆக்கி, ஒரு நோயாளியின் முழங்கைக்குக் கீழுள்ள தசையில் வைத்தனர். அடக்கும் மருந்து ஏதுமின்றியே அவை பிழைத்து இன்சுலின் சுரந்தன என 2025-இல் அறிவித்தனர். வைத்த அளவு சிறிது. அவர் ஊசியை விடவில்லை. எனினும் கதவு திறந்திருக்கிறது.

அணுவை உடலில் வைக்காமலே பெறும் பயனும் உண்டு. நோயாளியின் தோலிலிருந்து பீட்டா உயிரணுவை வளர்த்தால், நோய் எப்படித் தொடங்குகிறது என்பதைக் கலத்திலேயே காணலாம். பின்லாந்தின் ஹெல்சிங்கியில், பிறந்த சில மாதத்திலேயே நீரிழிவு கண்டவர்களின் அணுவை இவ்வாறு வளர்த்து, பழுதுபட்ட இன்சுலின் அணுவுக்குள் மடங்கிக் கிடந்து அதை நலிவிப்பதைக் கண்டனர். உயிரோடிருப்பவரின் கணையத்தை வெட்டிப் பார்க்க முடியாதன்றோ?

நம் நாட்டாரும் வாளா இருக்கவில்லை. புணேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தில் ரமேஷ் போண்டே அவர்களும் அவருடன் உழைத்தோரும் கொழுப்பிலுள்ள குருத்தணுக்களிலிருந்து திட்டுப்போன்ற அணுக்கூட்டங்களை ஆக்கினர். எலியின் கொழுப்பைக் கொண்டு 2009-இலும் மனிதக் கொழுப்பைக் கொண்டு 2011-இலும் வெளியிட்டனர். நீரிழிவு உண்டாக்கிய எலிகளில் அவை சர்க்கரையைக் குறைத்தன. போண்டே பின்னர் நம் பெங்களூரிலேயே மணிப்பால் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் பள்ளிக்குத் தலைமை தாங்கினார். பெல்லாரிச் சாலையில் 2009-இல் நிறுவப்பட்ட குருத்தணு ஆராய்ச்சிக் கழகமும் இந்நகரத்தில்தான் இருக்கிறது. அதனோடு இணைந்த வேலூர் மையத்தார் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில், இரத்தம் உறையாத நோயுடைய ஐவருக்கு அவரவர் இரத்தக் குருத்தணுவைத் திருத்திக் கொடுத்து வெற்றி கண்டதை 2024-இல் வெளியிட்டனர். அது வேறு நோய்தான். ஆயினும் வேலூர் நம்மூர். சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

இனி என் சொந்தக் கதை. மகளுக்கு நோய் கண்ட இரண்டாம் ஆண்டில், ஒரு தனியார் மருத்துவ நிலையத்தாரின் முகவர் என்னைத் தேடி வந்தார். பெண்ணின் கொழுப்பிலிருந்தே குருத்தணு எடுத்து அவளுக்கே செலுத்துவார்களாம், ஆறு மாதத்தில் ஊசி வேண்டாமாம், மூன்று இலட்சம் ரூபாயாம். மனைவி நகையைக் கழற்றி வைத்துவிட்டாள். நானும் சேமநிதிக் கடனுக்கு விண்ணப்பம் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். கொடுக்குமுன், மகளுக்கு வழக்கமாகப் பார்க்கும் மருத்துவ அம்மையாரிடம் கேட்டேன். அவர் சினக்கவில்லை.

"ஐயா, மூன்று கேள்வி கேட்டு வாருங்கள். அந்த அணு சர்க்கரைக்கு ஏற்பச் சுரப்பதைச் சோதித்திருக்கிறார்களா? அழிக்கும் காவற்படையை என்ன செய்யப் போகிறார்கள்? இது அரசின் பதிவேட்டில் பதிந்த ஆராய்ச்சியா? ஆராய்ச்சி என்றால் உங்களிடம் ஏன் பணம் கேட்கிறார்கள்?" என்றார்.

"நான்கு கேள்வி ஆகிறதே, அம்மா" என்றேன்.

"நான்காவதை முதலில் கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். முகவர் அதன்பின் வரவில்லை. பின்னர்த்தான் தெரிந்துகொண்டேன்: நம் நாட்டில் 2017-இல் வகுத்த நெறிமுறைப்படி, இரத்தம் சார்ந்த குறிப்பிட்ட சில நோய்களுக்குச் செய்யும் மாற்றுச் சிகிச்சை தவிர, குருத்தணுவை நோயாளிக்குச் செலுத்துவதெல்லாம் ஆராய்ச்சியே, இசைவு பெற்ற ஆய்வுக்கு வெளியே அதனைச் சிகிச்சையென்று செய்யலாகாது. நீரிழிவு அந்தச் சில நோய்களுள் இல்லை. நம் குடியிருப்பில் தையலாலைக்குச் சென்று நாள்முழுதும் நின்று உழைக்கும் தாய்மார் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தை இவ்வழியில் இழப்பதை நான் பொறுக்கமாட்டேன். அத்தகைய விளம்பரம் எவர் கைக்கு வந்தாலும் என்னிடம் கொண்டுவாருங்கள். சேர்ந்துபோய் அந்த நான்கு கேள்வியையும் கேட்போம். அதுவரை ஒருவரும், ஒருநாளும், இன்சுலினை நிறுத்தவேண்டாம். முதல் வகைப் பிள்ளைகளுக்கு நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து.

இவ்வுரையை எழுதி முடித்த இரவு மகளிடம் படித்துக் காட்டினேன். வெர்டெக்ஸ் முடிவையும் மெல்டன் கதையையும் பேசாமல் கேட்டாள். பிறகு, "அப்பா, அந்தப் பன்னிரண்டு பேர் வீட்டில் இப்போது இராத்திரி எல்லோரும் தூங்குகிறார்களா?" என்றாள். தூங்குவார்கள் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். பேரேட்டை எடுத்து அன்றைய அளவை எழுதிவிட்டுப் படுத்துக்கொண்டாள். மூன்று மணி முறை அன்று என்னுடையது.